குருவித் தட்டில் அணில்: எந்த வழியாக வருகிறது, எங்கே தடுப்பது

இலங்கை மலையகத்து முற்றங்களில் குருவிக்கு வைத்த தீனி அணிலின் வாய்க்குப் போக நான்கு வழிகள்தான் உண்டு. தூணில் ஏறி வரும். பக்கத்து மேட்டிலிருந்தோ கூரையிலிருந்தோ தாவும். மேலே தொங்கும் கிளையிலிருந்து குதிக்கும். கொடிக்கம்பியில் நடந்து வரும். வழி திறந்திருக்கும்வரை தட்டை எத்தனை தரம் மாற்றினாலும் பயனில்லை. அதனால் எந்த அறிகுறியானாலும் முதலில் வழியைக் கண்டுபிடியுங்கள். ஹாட்வெயார் கடைக்கு அதற்குப் பிறகு போகலாம்.

வெளிநாட்டிலிருந்து வரும் ‘அணில் நுழையாத’ தட்டுகளை வாங்குமுன் ஒன்றைக் கவனியுங்கள். அவை பெரும்பாலும் வட அமெரிக்காவின் சாம்பல் அணிலுக்காகச் செய்யப்பட்டவை. அது அரைக் கிலோ எடையுள்ள பிராணி. நம் முற்றத்து வரியணில் 100 கிராம் சொச்சம்தான், மைனாவும் கிளியும் ஏறக்குறைய அதே எடை. எடை பட்டதும் மூடிக்கொள்ளும் தட்டை அணிலுக்கு மூடும்படி திருகினால் மைனாவுக்கும் மூடிவிடும். தட்டைச் சுற்றிக் கம்பிக்கூடு போடுவதும் இதே கதைதான். கொண்டைக்குருவி நுழையும் கண்ணுக்குள் வரியணில் தாராளமாக நுழையும். வரியணிலைத் தூரத்தாலும் வழுக்கலாலும் மட்டுமே நிறுத்த முடியும்.

## முதல் வேலை: தின்பது அணில்தானா?

மாலை 6 மணிக்கு அரைச் சுண்டு நெல்லை அளந்து தட்டில் போடுங்கள். விடியுமுன், 5.30 மணியளவில், டோர்ச் அடித்துப் பாருங்கள்.

நெல் குறைந்திருந்தால்: அணில் அல்ல. வரியணிலும் மலையணிலும் பகலில்தான் நடமாடும். ‘காலையில் தட்டு காலி’ என்ற பகுதிக்குப் போங்கள்.

நெல் அப்படியே இருந்து, பகலில் காலியானால்: காலை 6.30 முதல் 8 மணிக்குள் யன்னலுக்குப் பின்னால் இருபது நிமிடம் அசையாமல் நின்று பாருங்கள். இதைச் செய்யாமல் தடுப்பு வாங்கினால் பெரும்பாலும் தவறான இடத்தில்தான் பொருத்துவீர்கள்.

பார்க்க நேரமில்லையென்றால்: தூணில் மேலிருந்து கீழ்வரை சுண்ணாம்புத் தண்ணீர் பூசிக் காயவிடுங்கள். ஏறினால் கீறல் விழும். இரண்டு நாள் கழித்தும் கீறல் இல்லை, தீனியும் இல்லை என்றால் அது தாவியோ கம்பியிலோ வருகிறது.

தேங்காய்ச் சொட்டு வைப்பவர்களுக்கு இன்னொரு தடயம் உண்டு. அணில் கடித்த சொட்டில் பக்கம் பக்கமாக இரண்டு பற்தடங்கள் கோடு இழுத்ததுபோல் இருக்கும். குருவி கொத்தினால் சிறு குழிகள்தான் விழும். காகமும் குரங்கும் சொட்டை விட்டுவைப்பதில்லை.

## அறிகுறி: தூணில் நேராக ஏறி வருகிறது

இதுதான் அதிகம் நடப்பது, தடுப்பதற்கும் சுலபமானது.

காசு செலவில்லாதது. தூணுக்கு 4 அடிக்குள் இருக்கும் எல்லாவற்றையும் அகற்றுங்கள்: விறகடுக்கு, தண்ணீர்ப் பீப்பாய், சாய்த்து வைத்த மண்வெட்டி, கதிரை. கொடித்தோடை தூணைப் பிடித்து ஏறியிருந்தால் அதையும் பிடுங்குங்கள். ஹைட்ரேஞ்சியா, டேலியாச் செடிகள் மழைக்குப் பின் சீக்கிரமே இடுப்பளவுக்கு வளர்ந்துவிடும். நட்டபோது தள்ளித்தானே இருந்தது என்ற கணக்கை நம்ப வேண்டாம்.

மரத்தூண் என்றால். சபுக்கு மரக் கம்பில் தட்டு வைத்திருப்பவர்கள் நிலத்திலிருந்து 3 அடிக்கும் 5 அடிக்கும் இடையில் மெல்லிய துத்தநாகத் தகட்டைச் சுற்றிவிடலாம். தகட்டின் ஓரம் ஒன்றன்மேல் ஒன்று குறைந்தது ஓர் அங்குலம் ஏற வேண்டும். ஓரத்தை மடித்துத் தட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த ஓரத்தைப் பிடித்தே ஏறிவிடும். ஆணித் தலைகள் மேலே தூக்கி நின்றாலும் அணிலுக்கு அது ஏணிப்படிதான்.

சரியான தீர்வு: குழாய்த் தடுப்பு. வேண்டியவை:

- 1 அங்குல ஜீ.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், 8 அடி
- 110 மி.மீ. பி.வி.சி. குழாய், 2½ அடி
- அதற்குப் பொருந்தும் எண்ட் கெப் (முனை மூடி) 1
- 25 முதல் 40 மி.மீ. வரை இறுக்கக்கூடிய ஹோஸ் கிளிப் 1
- சீமெந்து சுமார் 10 கிலோ, மணல், கல்

ஒன்பது அங்குலச் சதுரக் குழியை 2 அடி ஆழத்துக்கு வெட்டி, ஜீ.ஐ. குழாயை நிறுத்தி, சீமெந்து, மணல், கல் 1:2:4 கலவை போடுங்கள். தரைக்கு மேலே 6 அடி நிற்கும். மூன்று நாளைக்குத் தூணை அசைக்க வேண்டாம். பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் ஆடிக் காற்றில் வெறும் மண்ணில் நட்ட தூண் சாயும், சாய்ந்தால் தூரக் கணக்கு எல்லாம் பிழைத்துவிடும்.

எண்ட் கெப்பின் நடுவில் ஓட்டை போடும்போதுதான் பலர் தவறுகிறார்கள். ‘ஒரு அங்குலக் குழாய்’ என்று கடையில் கேட்டு வாங்கினாலும் அதன் வெளிவிட்டம் 25 மி.மீ. அல்ல, 33 மி.மீ.க்குச் சற்று மேல். ஓட்டை 34 மி.மீ. இருக்க வேண்டும். 25 என்று நினைத்துத் துளைத்துவிட்டு, பிறகு கத்தியால் பெரிதாக்கப் போனால் கோணலாகி, அணில் தலை நுழையும் இடைவெளி வந்துவிடும். வட்டம் கீறும் பிட் இல்லையென்றால், பென்சிலால் வட்டம் போட்டு அதன் உட்புற ஓரத்தில் 4 மி.மீ. பிட்டால் நெருக்கமாகத் துளைத்து, நடுத்துண்டைத் தட்டி எடுத்து, அரத்தால் ராவுங்கள்.

கெப்பை பி.வி.சி. குழாயின் மேல்முனையில் பசையால் ஒட்டுங்கள். ஹோஸ் கிளிப்பை நிலத்திலிருந்து 5 அடி உயரத்தில் தூணில் இறுக்குங்கள். குழாயைத் தலைவழியாகத் தூணில் போட்டால் கெப் கிளிப்பின்மேல் உட்காரும். அப்படியே விடுங்கள், இறுக்கிக் கட்டவே வேண்டாம். தடுப்பு ஆடுவதே நல்லது. 110 மி.மீ. குழாயை வரியணிலால் கட்டிப்பிடிக்க முடியாது, நகம் பதிக்க இடமில்லை, போதாததற்கு அது ஆடவும் செய்தால் ஓரிரு தடவை முயன்றுவிட்டு விட்டுவிடும். தட்டு 6 அடி உயரத்தில், தூண் உச்சியில்.

பி.வி.சி. குழாயின் அடியும் திறந்தபடியே இருக்கட்டும். உள்ளே ஏறிப் போகும் அணில் கெப்பில் முட்டித் திரும்பிவிடும். அடியையும் அடைத்தால் மழைத்தண்ணீர் தங்கி நுளம்பு பெருகும்.

எப்போது பாஸைக் (தொழில் தெரிந்த வேலையாளை) கூப்பிடுவது: மண் நிரப்பிய மேட்டில் தூண் நிற்காமல் சாய்ந்துகொண்டே இருந்தால், அல்லது கல்லுக்கட்டின்மேல் தூண் வைக்க வேண்டியிருந்தால். அடித்தகடு வைத்துப் பற்றவைக்க வெல்டிங் பாஸ் வேண்டும். கட்டில் துளை போட மேசன் பாஸிடம் கேளுங்கள்.

## அறிகுறி: தடுப்பு போட்டாயிற்று, இன்னும் ஏறுகிறது

போட்ட முதல் இரண்டு மாதம் ஓர் அணிலும் ஏறாது. பிறகு ஒருநாள் காலை தட்டில் உட்கார்ந்திருக்கும். காரணங்களை இந்த ஒழுங்கில் பாருங்கள்.

பாசி. நுவரெலியா, தலவாக்கலை, மஸ்கெலியா போன்ற மூடுபனி இடங்களில் பெரும்பாலும் இதுதான். குழாயின் நிழல் பக்கத்தில் மெல்லிய பச்சைப் படலம் பிடிக்கும். கண்ணுக்கு அழுக்குப்போலத்தான் தெரியும், ஆனால் அணிலின் நகத்துக்கு அது போதும். விரலால் மேலிருந்து கீழே தடவிப் பாருங்கள். விரல் வழுக்காமல் தடைபட்டால் கழுவ வேண்டும். பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் மென்மையான பஞ்சும் போதும். இரும்புத் தேய்ப்பான், மணற்கடதாசி இரண்டும் கூடாது, கீறல் விழுந்தால் அடுத்த பாசி இன்னும் சீக்கிரம் பிடிக்கும். வெயில் காலத்தில் மாதம் ஒருமுறை, மழைக்காலத்தில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை கழுவுங்கள்.

வெளிறிய குழாய். மலை வெயிலில் சில வருடங்கள் நின்ற பி.வி.சி. மேலே சுண்ணாம்புபோல் பொடி விடும். கையில் வெள்ளையாக ஒட்டினால் அதன் வழுக்கல் முடிந்துவிட்டது. கழுவிப் பயனில்லை. குழாயைத் தலைகீழாகத் திருப்பலாமா என்று கேட்பார்கள். எல்லாப் பக்கமும் ஒரே வயதுதான். புதுத்துண்டு வாங்குங்கள்.

கெப் இடைவெளி. தூணுக்கும் ஓட்டைக்கும் இடையில் இரண்டு விரல் போகிறதா? இளம் அணில் நுழையும். ஹோஸ் கிளிப்புக்கு மேலே பழைய டியூப் ரப்பரில் ஒரு வட்டம் வெட்டிப் போட்டால் அடைபடும்.

தட்டிலிருந்து தொங்குவது. தட்டில் கட்டிய நைலோன் கயிற்றின் மிச்சம், பழம் குத்தும் கம்பி, தண்ணீர்க் கிண்ணம் கட்டிய சங்கிலி எதுவும் கெப்புக்குக் கீழே தொங்கக் கூடாது.

நான்கும் சரியாக இருந்தும் வந்தால், அது தூணில் வரவில்லை என்று அர்த்தம். கீழே படியுங்கள்.

## அறிகுறி: தூணில் கீறலே இல்லை, தட்டில் அணில்

தாவுகிறது. வரியணிலுக்குச் சமதரையில் பக்கவாட்டில் 8 அடி இடைவெளி கொடுங்கள். 6 அடி போதும் என்று தோன்றும். ஆனால் உயரத்திலிருந்து கீழ்நோக்கிப் பாயும்போது தூரம் கூடும். மேலே தொங்கும் கிளை தட்டிலிருந்து 10 அடிக்குள் இருந்தால் அதிலிருந்து நேராக விழுந்துவிடும், அடிபடாது.

சமதரையில் எழுதிய அளவுகள் எல்லாம் மலைச்சரிவில் ஏமாற்றுவதால் இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகப் பாருங்கள். லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) பின்னாலோ, படிப்படியாக வெட்டிய தோட்டத்திலோ, குருவித் தட்டு நிற்கும் படியைவிட அடுத்த படி 4, 5 அடி உயரத்தில் இருக்கும். கீழ்ப்பக்கத்திலிருந்து அளந்தால் தட்டு 6 அடி உயரம். மேல்படியின் விளிம்பிலிருந்து பார்த்தால் அதே தட்டு ஒன்றரை அடி உயரந்தான். அங்கே ‘நிலம்’ என்பதே தாவுமேடை.

அளக்கும் முறை: மேசன்மார் வைத்திருக்கும் தண்ணீர் மட்டக் குழாய் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் உள்ளே தண்ணீர் தெரியும் 15 அடி பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைத் தட்டின் விளிம்பிலும் மறுமுனையை மேட்டின் விளிம்பிலும் பிடியுங்கள். தட்டு முனையில் தண்ணீர் தட்டின் மட்டத்துக்கு வரும்வரை குழாயை ஏற்றி இறக்குங்கள். அப்போது மேட்டு முனையில் தண்ணீர் நிற்கும் உயரமே தட்டின் மட்டம்.

- மேட்டின் விளிம்பு அந்த மட்டத்துக்கு 4 அடிக்கும் கூடுதலாகக் கீழே இருந்தால் கவலையில்லை.
- அதைவிட நெருக்கமாகவோ, மட்டத்துக்கு மேலாகவோ இருந்தால், அங்கிருந்து தட்டுக்குப் பக்கவாட்டில் 8 அடி போதாது. 10 முதல் 12 அடி வேண்டும்.

இடமில்லையா? தூணைப் பள்ளப் பக்கத்து விளிம்பை நோக்கி நகர்த்துங்கள், ஆனால் விளிம்பிலிருந்து 3 அடி உள்ளே நிற்கட்டும். மேட்டைச் செதுக்கிப் பின்னுக்குத் தள்ளும் எண்ணம் வேண்டாம். குருவித் தட்டுக்காகச் சரிவை வெட்டி, அடுத்த அடைமழையில் மண் வீட்டுக்குள் வந்தால் அது பெரிய வினை. மண்சரிவு அபாயம் சொல்லப்பட்ட இடமானால் எந்த வெட்டுக்கும் முன்னால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனை வேண்டும்.

கூரைத் தகரம், பீலி, சமையலறைப் புகைக்குழாய் எல்லாவற்றிலிருந்தும் இதே அளவுகள் பொருந்தும். கிளை என்றால் வெட்டலாம், சொந்த மரமாக இருந்தால். தோட்டத்து மரமென்றால் நிர்வாகத்திடம் சொல்லாமல் கத்தி வைக்காதீர்கள். கிளை மின்கம்பியைத் தொட்டுக்கொண்டோ அதன் அருகிலோ இருந்தால் நீங்களும் வெட்ட வேண்டாம், பக்கத்து வீட்டுப் பையனையும் ஏற்ற வேண்டாம். மின்சார அவசர இலக்கமான 1987க்கு அறிவியுங்கள்.

## அறிகுறி: கொடிக்கம்பியில் நடந்து வருகிறது

இரண்டு கம்பங்களுக்கு இடையில் கம்பி கட்டி நடுவில் தட்டைத் தொங்கவிட்டிருந்தால்:

முதலில் கம்பியை மாற்றுங்கள். துணி காயப்போடும் தடித்த பிளாஸ்டிக் உறைக்கம்பி அணிலுக்கு நல்ல பாதை. மெல்லிய, உறையில்லாத ஜீ.ஐ. கம்பி நடக்கச் சிரமம், ஆனால் அது மட்டும் நிறுத்தாது.

பிறகு உருளைகள். 1 அங்குல பி.வி.சி. குழாயை 2 அடித் துண்டுகளாக வெட்டி, தட்டின் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு துண்டுகளைக் கம்பியில் கோர்த்துவிடுங்கள். அணில் கால் வைத்ததும் குழாய் சுழலும், அது கீழே விழும். 1½ லீற்றர் பிளாஸ்டிக் போத்தல்களின் அடியிலும் மூடியிலும் ஓட்டை போட்டுக் கோர்த்தாலும் இதே வேலை செய்யும், பக்கத்துக்கு நான்கு வேண்டும். போத்தல் இலவசம், ஆனால் காற்றில் கடகடவென்று சத்தம் போடும், வெயிலில் ஒரு வருடத்தில் நொறுங்கும். குழாய்தான் நல்லது.

தவறுவது எங்கே? துண்டுகளுக்கு இடையில் இடைவெளி விட்டால் அதில் கால் ஊன்றிக்கொள்ளும். கம்பி தொய்ந்திருந்தால் எல்லா உருளையும் நடுவுக்குச் சரிந்து, கம்பத்தின் பக்கம் வெறுங்கம்பி மிஞ்சும். கம்பியை இறுக்கி, கடைசி உருளைக்கு வெளிப்பக்கம் கட்டுக்கம்பியில் ஒரு முடிச்சுப் போட்டு நகராமல் நிறுத்துங்கள். தட்டுக்குக் கீழேயும் 5 அடி வெறுமை வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

வீட்டுக்கு வரும் மின்சார வயரிலோ தொலைபேசிக் கம்பத்திலோ தட்டையும் தொங்கவிடாதீர்கள், தடுப்பையும் மாட்டாதீர்கள். அணில் அந்த வயரில் வருகிறதென்றால் நகர்த்த வேண்டியது தட்டைத்தான்.

## அறிகுறி: போத்தலில் ஓட்டை, தட்டின் ஓரம் கடிபட்டது

பிளாஸ்டிக் தீனிப் போத்தலை அணில் ஒரே காலையில் துளைத்துவிடும். டேப் ஒட்டினால் டேப்பையும் சேர்த்துக் கடிக்கும். மண்சட்டி மூடி, பழைய அலுமினியத் தட்டு, பால்மா டின்னின் அடிப்பாகம் எதுவானாலும் பிளாஸ்டிக்கை விட நல்லது. டின்னை வெட்டினால் ஓரத்தை உள்நோக்கி மடித்துத் தட்டுங்கள், இல்லாவிட்டால் குருவியின் கால் அறுபடும். தண்ணீர் வடிய அடியில் 3 மி.மீ. ஓட்டைகள் நாலைந்து போடுங்கள். ஓரம் பிறைபோல் சிறு சிறு துண்டாக வெட்டுப்பட்டிருந்தால் அது கிளி. அதற்குத் தடுப்பு தேவையில்லை.

## அறிகுறி: காலையில் தட்டு காலி

சுண்டு நெல் சோதனையில் இரவு தீனி குறைந்தது என்றால் எலி, மரநாய், வௌவால் மூன்றில் ஒன்று. பழ நாரை மென்று துப்பிய சிறு உருண்டைகள் கீழே கிடந்தால் வௌவால். மதிலின்மேல் பழவிதை நிறைந்த எச்சம் இருந்தால் மரநாய். இரண்டு முனையும் கூரான கறுப்பு எச்சம் தட்டிலேயே இருந்தால் எலி.

மருந்து மூன்றுக்கும் ஒன்றே: மாலை 5.30க்குத் தட்டை இறக்கி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். எலி என்றால் தூணடியில் சிந்தியதையும் தினம் கூட்டுங்கள். எலியின் சிறுநீர் எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும். தட்டைக் கழுவும்போது கையில் காயம் இருந்தால் கையுறை போடுங்கள். எலி நஞ்சு வேண்டவே வேண்டாம். நஞ்சு தின்ற எலியை ஆந்தை தின்னும், அதுவும் போய்விடும்.

## அறிகுறி: தட்டே கீழே கிடக்கிறது, கொக்கி நிமிர்ந்திருக்கிறது

100 கிராம் அணிலால் இது முடியாது.

மலையணில். சிங்களவர் தண்டு லேனா என்பார்கள். ஒன்றரைக் கிலோ அளவில் எடை, முதுகு கறுப்பு, உடம்பின் நீளத்துக்கு வால். இது நிலத்துக்கு அரிதாகத்தான் இறங்கும், மரத்துக்கு மரம் தாவி மேலிருந்து வரும். மேலே சொன்ன 8 அடி, 10 அடிக் கணக்கு இதற்கு ஒரு பொருட்டே அல்ல. குழாய்த் தடுப்பும் வீண்.

வரியணிலிடம் தோற்ற கம்பிக்கூடு இங்கே வேலை செய்யும். 2 அங்குலக் கண்ணுள்ள வெல்ட் மெஷ் வாங்குங்கள். சிறு குருவிகளும் கொண்டைக்குருவியும் உள்ளே போகும், மலையணிலின் தலை போகாது. கூட்டின் சுவருக்கும் தீனிக்கும் இடையில் எல்லாப் பக்கமும் 10 அங்குலம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கையை விட்டு எடுத்துவிடும். அதாவது 6 அங்குலத் தட்டுக்கு 26 அங்குலக் கூடு. கோழிக்கூட்டு வலை போதாது, பிய்த்துவிடும். கூட்டைப் பற்றவைக்க வெல்டிங் பட்டறைக்குப் போக வேண்டியிருக்கும். இந்தக் கட்டுரையில் வரும் செலவுகளில் பெரியது இதுதான். அதற்கு முன் பப்பாளியும் பலாச்சுளையும் வைப்பதை மூன்று கிழமை நிறுத்திப் பாருங்கள். பல வீடுகளில் அதோடு மலையணில் திரும்பிப் பார்ப்பதில்லை.

குரங்கு. கொக்கி கழற்றப்பட்டிருந்தால், மூடி திருகித் திறக்கப்பட்டிருந்தால் செங்குரங்கு. இதற்குத் தடுப்பு என்று எதையும் விற்க யாராவது வந்தால் வாங்காதீர்கள். தட்டை முழுதாக எடுத்துவிட்டு மூன்று கிழமை பொறுங்கள். பிறகு காலையில் ஒரு பிடி தீனி மட்டும், நீங்கள் வெளியே நிற்கும் அரை மணி நேரத்துக்கு. உங்கள் தட்டுக்குப் பழகிய கூட்டம் அடுத்ததாகப் பக்கத்து வீட்டுக்காரரின் லீக்ஸ் பாத்தியில்தான் இறங்கும், பகை உங்களுக்கு வரும். குரங்கு, மலையணில், மயில் எல்லாம் சேர்ந்து பயிர்களுக்குச் செய்யும் அழிவு எவ்வளவு பெரிய விவகாரம் என்பதற்கு, 2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு நாடு முழுவதும் 5 நிமிடம் நின்று அவற்றை எண்ணச் சொன்னதே சாட்சி.

தூணே சாய்ந்திருந்தால் காட்டுப்பன்றியோ முள்ளம்பன்றியோ சிந்திய தீனிக்கு இரவில் வந்து கிளறியிருக்கும். சிந்தாமல் பாருங்கள்.

எப்போது கூப்பிடுவது: குரங்குக் கூட்டம் வீட்டுக்குள் நுழைந்தால், ஆளைப் பார்த்து எகிறினால், அல்லது காயப்பட்ட மலையணில் முற்றத்தில் கிடந்தால் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992. குரங்கோ மரநாயோ கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அணில் கடியென்றாலும் காட்டிவிடுவது நல்லது.

## அறிகுறி: எல்லாம் சரி, ஆனாலும் கூட்டம் கூட்டமாகச் சுற்றுகிறது

தடுப்பில் பிழையில்லை. தீனி கூடிவிட்டது. கச்சானும் தேங்காயும் வைத்தால் அணில் பக்கத்துத் தோட்டத்திலிருந்தும் வரும். குரக்கன், தினை, நெல்லுக்கு அவ்வளவு ஆசைப்படாது. ஒரு மணி நேரத்தில் குருவிகள் தின்று முடிக்கும் அளவை மட்டும் வையுங்கள். அணிலுக்கென்று தனியாக இன்னொரு தட்டு வைக்கும் யோசனை சில கிழமை நன்றாகத் தோன்றும். பிறகு குட்டிகள் சேர்ந்துவிடும், இரண்டு தட்டும் போதாது.

மிளகாய்த் தூளைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். குருவிக்கு அந்தக் காரம் உறைக்காது, அணிலுக்கு உறைக்கும், அதனால் யோசனை பிழையில்லை. 1 கிலோ தானியத்துக்கு 3 மேசைக்கரண்டி தூள், ஒட்டிக்கொள்ள 1 மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய். மூன்று நாளைக்குள் முடியும் அளவே கலக்குங்கள், எண்ணெய் பட்ட தானியம் சிக்குநாற்றம் எடுக்கும். ஆனால் வெளியே மழையும் மூடுபனியும் அரை நாளில் காரத்தைக் கழுவிவிடும், காற்றில் தூள் பிள்ளைகளின் கண்ணுக்குப் போகும். தூண் வேலை முடியும்வரை சமாளிக்க இது உதவும், அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

தூணில் கிரீஸ் பூசுவது கெடுதல். அது குருவியின் இறகில் ஒட்டினால் குளிருக்கும் மழைக்கும் இறகு உதவாது. எலி ஒட்டும் பசை அட்டையில் முதலில் சிக்குவது தினைக்குருவிதான். கம்பியில் கரண்ட் விடுவது ஆளைக் கொல்லும். சுருக்குக் கம்பி வைப்பதை நினைத்தும் பார்க்கக் கூடாது. சுருக்கு வைத்தவன் நினைத்தது சிக்குவதில்லை: 2020 மே மாதம் நல்லதண்ணியில் சுருக்கில் மாட்டி, சில நாளில் செத்தது ஒரு கருஞ்சிறுத்தை. முதுகில் ராமர் தடவிய பிராணி என்று வீட்டுப் பெரியவர்கள் அணிலை அடிக்க விடமாட்டார்கள். அந்த வகையில் பாதி வீடுகளில் இந்தப் பேச்சே எழாது.

## அறிகுறி: அணில் நின்றது, குருவியும் நின்றது

புதுத் தடுப்பு போட்ட முதல் இரண்டு கிழமை குருவிகள் விலகியே இருக்கும். எதையும் மாற்றாமல் விடுங்கள். அதற்கு மேலும் வராவிட்டால்: தகடு வெயிலில் மின்னுகிறதா என்று பாருங்கள், சாம்பல் நிறப் பெயின்டைத் தட்டுக்குக் கீழே உள்ள தூண்பகுதிக்கு அடிக்கலாம், வழுக்குக் குழாய்க்கு வேண்டாம். தானியத்தை முகர்ந்து பாருங்கள். மூடுபனியில் நனைந்த அரிசி இரண்டே நாளில் பூஞ்சணம் பிடிக்கும். கிழமைக்கொருமுறை தட்டை 1 பங்கு பிளீச்சிங் திரவமும் 9 பங்கு தண்ணீரும் கலந்து கழுவி, நன்றாக அலசி, வெயிலில் காயவையுங்கள். அடியில் பூனை பதுங்க இடம் இருக்கிறதா? கொய்யாவும் பேரியும் பழுத்திருக்கும் நாட்களில் கொண்டைக்குருவிக்கு உங்கள் தட்டு தேவையில்லை, அது பிழையல்ல.

## அறிகுறி: சிலிங்கில் ஓட்டம், டிரிப் சுவிட்ச் விழுகிறது

தட்டுக்கு வந்த அணில் கூரைக்குள் குடியேறிவிட்டது. பகலில் சத்தம் கேட்டால் அணில், இரவில் என்றால் எலி.

தகரக் கூரையின் நெளிவுகள் சுவரில் முட்டும் இடத்தில் வரும் அரைவட்ட ஓட்டைகள்தான் வாசல். அடைக்குமுன் உள்ளே குட்டி உண்டா என்று பார்க்க வேண்டும். தாய் அணில் பஞ்சோ தும்போ வாயில் கவ்விக்கொண்டு போனால் கூடு கட்டுகிறது, கீச்சுக் குரல் கேட்டால் குட்டி இருக்கிறது. குட்டிகள் தாமாக வெளியே ஓடித் திரியும்வரை அடைக்காதீர்கள். உள்ளே செத்தால் நாற்றம் மாதக்கணக்கில் போகாது, தாயும் வேறிடத்தைக் கடித்துத் திறக்கும். பிறகு, எல்லாம் வெளியே போன ஒரு நடுப்பகலில், அரை அங்குலக் கண் வெல்ட் மெஷை மடித்து நெளிவுக்குள் திணித்து, சீமெந்து, மணல் 1:3 சாந்தால் பூசுங்கள்.

அஸ்பெஸ்டஸ் கூரையில் துளை போடவோ வெட்டவோ வேண்டாம், அந்தத் தூள் நெஞ்சுக்குக் கேடு. அதற்குக் கூரை வேலை தெரிந்த பாஸ் வரட்டும்.

டிரிப் சுவிட்ச் காரணமின்றி விழுந்தால், மின்குமிழ் மினுக்கினால், எரிந்த பிளாஸ்டிக் வாசம் வந்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். கடிபட்ட வயரை டேப் சுற்றி மறுபடி போடுவது மரச் சிலிங் உள்ள லயத்தில் வரிசை முழுவதுக்கும் தீ வைப்பதற்குச் சமம். அந்தச் சுற்றின் வயர் முழுவதையும் பார்த்து, கடிபட்ட நீளத்தை மாற்றி, குழாய்க்குள் விட்டுத் தரும்படி சொல்லுங்கள். கூரை ஓட்டைகளை அடைப்பது அதற்கு அடுத்த நாள் வேலை, முந்திய நாள் வேலை அல்ல. வயர்க்காரர் உள்ளே ஏறினால் ஒளிந்திருக்கும் அணில் வெளியே ஓட அப்போதுதான் வழி இருக்கும்.